ஒலிக்காரனின் ஒரு நிமிடம்

எந்த வீட்டில் படமெடுத்தாலும்
புறப்படுமுன் எல்லாரையும் வாய்மூடச் சொல்லி
ஒரு நிமிடம் பதிவேன்.
வெட்டி ஒட்டும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே
பள்ளம் விழும்.
அதை நிரப்ப அந்த வீட்டு மௌனமே வேண்டும்.
உப்புவெளி மௌனம் மூதூருக்குப் பொருந்தாது.

கிண்ணியாவில் ஹிதாயா வீட்டில்
மூன்று வருசத்தில் மூன்று படம்.
மூன்றுக்கும் ஒலி நான்.
மூன்றிலும் கடலுக்குப் போன மனிசன்
திரும்பி வரவில்லை.

முதல் படத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு குரல் வந்தது.
குளிரறைக்குள் தண்ணீர் குடித்து, தொண்டை செருமி
'இவள் விழிகளில் ஒரு கடல் உறங்குகிறது' என்றது.
அடியில் வயலின்.
நகரசபை மண்டபத்தின் முன்வரிசை
சொல்லிவைத்த மாதிரிக் கைக்குட்டை எடுத்தது.
ஹிதாயா என் காதுக்குள் சொன்னாள்:
"அது வெங்காயம் தம்பி.
அண்டைக்குத்தான் விலை இறங்கின.
ரெண்டு கிலோ வெட்டினன்."

எனக்குத் தெரியும்.
அந்தக் கத்தியின் சத்தம் என்னிடம் இருக்கிறது.
வயலினுக்கு இடம்விட
முதலில் அதைத்தான் தூக்கினார்கள்.

அடுத்து வந்த தினூஷி எதையும் கேட்கவில்லை.
கமராவைக் குசினி மூலையில் நிறுத்திவிட்டுச்
சுவரானாள். பதினொரு நாள்.
படத்தில் ஹிதாயா சூடை கழுவுகிறாள்,
கழுவுகிறாள்,
பூனை வருகிறது, போகிறது,
இன்னும் கழுவுகிறாள்.
"எப்ப தொடங்கும்?" என்றது ஒரு பிள்ளை.
சிகரெட்டுக்கு இரண்டு பேர் எழும்பிப் போனார்கள்.
பிறகு அவள் இரண்டு பீங்கான் எடுத்து வைக்கிறாள்.
ஒன்றைத் திரும்ப அடுக்குகிறாள்.
படம் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் வரிசையில் ஒரு பெண்
நாக்கைத் தட்டிய சத்தம்
கடைசி வரிசைவரை கேட்டது.
ஒருத்தரும் அழவில்லை.
வெளியே மான்கள் காட்போட் பெட்டியை மென்றுகொண்டிருக்க
மோட்டார் சைக்கிள் சாவி தேட
எல்லாருக்கும் வெகுநேரம் எடுத்தது.

இதுதான் உண்மை என்று நானும் நம்பிவிட்டேன்.
"பதினொரு நாளும்
பெருநாளுக்கு எடுத்த உடுப்புத்தான் போட்டிருந்தன்,
கண்டியா?" என்றாள்.

மூன்றாவது செந்தூரன்.
தன் தகப்பனும் கடலோடு போனவர் என்று
கமராவுக்கு முன்னால் வந்து நின்று சொல்லி
கேட்க வந்த கேள்வியை விட்டுவிட்டு அழுதான்.
அவள் எழும்பிப்போய்ப் பிளேன்ரீ ஊற்றிவந்தாள்.
சீனி போதுமா என்று கேட்டாள்.
மண்டபம் முழுக்க அவனுக்கு இரங்கியது.
படிக்கட்டில் வைத்துக் கட்டிப்பிடித்தார்கள்.
அவளுக்கு யாரோ ஆட்டோ மறித்துக் கொடுத்தார்கள்.
நானும் ஏறிக்கொண்டேன்.

கிண்ணியாப் பாலத்தில்
காற்று ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளும்போது
போனை நீட்டினாள்.
"நானும் எடுத்தன்."

ஐம்பது செக்கன். ஒரே ஆட்டம்.
பாதித் திரையில் அவள் விரல்.
மீதியில் அவள் முற்றம், முற்றத்தில் நாங்கள்.
ஒருவன் அவளுடைய கோழியை விரட்டுகிறான்,
படத்துக்குள் வந்துவிடுமாம்.
ஒருத்தி கொடியில் காயும் பாவாடையை இடம்மாற்றுகிறாள்,
நிறம் சரியில்லையாம்.
செந்தூரன் தான் அழப்போகும் இடத்தை
இரண்டுதரம் நடந்து பார்க்கிறான்.
ஓரத்தில் நான்,
எல்லாரையும் வாய்மூடச் சொல்லிவிட்டு
கண்ணை மூடி
மைக்கை ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டு
மழைக்கு வேண்டுகிறவன் மாதிரி.
போன் குலுங்குகிறது, அவள் சிரிப்பை விழுங்குவதால்.

"எங்கட தெருச்சனம் இதைத்தான்
திருப்பித் திருப்பிப் பாக்குது."

அன்றிரவு அந்த நிமிடத்தைத் தேடியெடுத்துக் கேட்டேன்.
தென்னோலை. தூரத்தில் ஒரு எஞ்சின் போட்.
முப்பத்தெட்டாம் செக்கனில்
மூக்கால் தப்பிய ஒரு சிரிப்பு.
பக்கத்தில் என் குறிப்பு:
பழுது. பாவிக்க வேண்டாம்.