ஈரத்துக்கு மூணு

நோர்ட்டனில் மூன்றாம் நாளாக விடாத மழை.
மடுவத்துத் தராசில் தவமலரின் சாக்கு
இருபத்தொரு கிலோ.
"ஈரத்துக்கு மூணு கழிச்சிருக்கு" என்கிறார் கணக்கர்,
கொப்பியை விட்டுக் கண்ணெடுக்காமல்.
அந்த மூன்று கிலோ மழையைக்
காலையிலிருந்து சுமந்தவள் ஒன்றும் சொல்லவில்லை.
கொங்காணியைப் பிழிகிறாள்.

பிழிந்த தண்ணீர் கான் வழியே இறங்கி,
நாலாம் நம்பர் மலையின் மண்ணையும் கூட்டிக்கொண்டு
அணைக்கட்டில் சேர்கிறது.
அங்கே யாரும் அதைக் கழிப்பதில்லை.
அடிக்கணக்கில் அளந்து, குழாயில் இறக்கி,
வெளிச்சமாக்கிக் கொழும்புக்கு அனுப்புகிறார்கள்.

எட்டு மணிக்கு வான்கதவுச் சங்கு.
லயத்தில் கரண்ட் இல்லை,
நேற்று மரம் விழுந்ததிலிருந்து.
குப்பி விளக்கடியில் அவள் விரல் மடக்குகிறாள்:
பதினெட்டு.
இருபது எடுத்தால்தான் பேர்.
இன்றைக்கு அரைப்பேர்.

கீழே, இருட்டில்,
முழுப்பேருக்கு ஓடுகிறது ஆறு.