ஆயிரத்து எண்பது கோடுகள்

சனிக்கிழமைச் சம்பளம் போட்டு முடிக்க எட்டேகால்.
கணக்கை மூடிவிட்டு
கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன்.
விசிறிக்குள் விரற்கடை கனத்துக்குப் பஞ்சு.
பெருமாநல்லூரில் எல்லாவற்றுக்குள்ளும் அதுதான்,
மூக்குக்குள், டிபன் டப்பா மூடிக்குள்.
ஊதி எடுத்து, டேபிள் ஃபேனை
அதன் வயிற்றுக்கு நேரே திருப்பி வைத்தேன்.

செக்கிங் டேபிளிலிருந்து அம்சவேணி வந்தாள்.
பின்னால் ஓவர்லாக் பெண்கள் நாலு பேர்,
டீ கேனோடு அயர்ன் மாஸ்டர் சென்னியப்பன்.
ஏழு பேருக்கு ஒரு போன் போதாது.
அவள் தங்கச்சி கோகிலவாணி இன்றைக்கு
ஆயிரத்து எண்பது கோடுகளில் கபடி ஆடுகிறாள்.
என் மானிட்டர் பதினேழு இஞ்ச்,
ராம் ரெண்டு ஜிபி.
இதை வாங்கிய வருஷம் ஓனர் மகனுக்குப் பால்பல் விழுந்தது,
இப்போது செக்கில் அவன்தான் கையெழுத்துப் போடுகிறான்.

படம் வந்தது. அப்படியொரு படம்.
கோகிலா நடுக்கோட்டைத் தாண்டி நிற்கிறாள்,
மேலுதட்டு வேர்வை சொட்டுச் சொட்டாக,
முழங்கையில் பழைய தழும்பு.
'அது கெணத்துப் படியில உழுந்தது' என்றாள் அக்கா.
நின்றவள் நின்றபடியே நின்றாள்.
கபடி கபடி கபடி
குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.
விசில். கூட்டத்தின் கத்தல்.
கோகிலா இன்னும் முதல் மூச்சிலேயே இருந்தாள்.

பக்கத்து டையிங் வாட்ச்மேன்
மதில்மேல் எட்டி, 'புடிச்சுட்டாங்கொ' என்றார்.
அம்சவேணி திரையைக் காட்டினாள்.
'இன்னும் புடிக்கலீங்ணா.'

தரத்தைக் குறைத்தேன். எழுநூற்று இருபது, திக்கல்.
நானூற்று எண்பது. ஓடினாள்!
ஓடியவளின் முகம் சதுரம் சதுரமாக,
கட்டிங்கில் கழித்துப் போட்ட துண்டுகள் மாதிரி.

'மூஞ்சி வேணுமா, ஓட்டம் வேணுமா?'
கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று பட்டது.
நாளெல்லாம் பனியனை வெளிச்சத்தில் பிடித்து
ஊசி ஓட்டை தேடுகிறவள்,
ஒரு நூல் பிசிறை விடமாட்டாள்.
சித்தெ யோசித்தாள்.
'மூஞ்சி எனக்குத் தெரியுமுங்க. ஓடட்டும்.'

முன்னூற்று அறுபது.
மஞ்சள் புள்ளிகள், நீலப் புள்ளிகள்.
எந்த மஞ்சள் அவள் என்று
எனக்கு விளங்கவில்லை.
அம்சவேணி திரையில் விரல் வைத்துக் காட்டினாள்,
அப்புறம் எடுக்கவேயில்லை.
இடது மூலைக்கு, அங்கிருந்து வெட்டித் திரும்பி
நடுக்கோட்டுக்கு.
விரல் போன பிறகுதான்
புள்ளி போனது.