பிரீதர் – நாற்பது ரூபாய்

மூன்று மாதத்தில் மூன்று ஆயில் சீல்.
சித்ரதுர்காவில் ஒன்று, கோலாப்பூரில் ஒன்று,
சத்தாராவில் மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில் ஒன்று.
ஒவ்வொரு தடவையும் ஓனருக்கு அதே வாட்ஸ்அப்:
"இடது பின் வீல் கசிவு. மாத்தியாச்சு."
ஒவ்வொரு தடவையும் அதே பதில்:
ஒரு கும்பிடு பொம்மை.

நாலாம் தடவை கண்டாலா இறக்கம்.
பிரேக்கை மிதித்தேன்.
வண்டி என்னைக் கேட்காமல் வலப்பக்கம் நகர்ந்தது.
பின்னால் முந்நூறு மூட்டை சேலத்து ஜவ்வரிசி.
மும்பை விரதமிருந்து சாப்பிட வேண்டியது.
வலப்பக்கம் ஒரு டேங்கர் இருந்தது.
பிறகு இல்லை.
நடுவில் நடந்ததை நல்லசிவனிடம்கூடப் பேசவில்லை;
அவன் கிளீனர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

வாசியில் இறக்கிவிட்டு வடாலா வந்தோம்.
லாரி டெர்மினலில் தார்ப்பாய்க்குத் தார்ப்பாய் தண்ணீர் ஒழுகியது.
முஸ்தகீம் சீலைப் பற்றிக் கேட்கவில்லை. வீலைத் தொடவில்லை.
அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து உள்ளே சரிந்தான்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
மாட்டுக்கு உண்ணி தேடுகிறவன் போல
பின் ஆக்சிலின் முதுகைத் தடவினான்.
சேறு, கிரீஸ், மறுபடி சேறு.
அதற்கும் அடியில் காய்ந்த கொப்புளமாய்
சாம்பல் நிறத்தில் ஒன்று.

"கிஸ்னே பந்த் கியா?"

யார் அடைச்சது.
எனக்கு இந்தி அரைகுறைதான்.
அந்த நேரம் சுத்தமாக வரவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு தட்டு.
உஸ்ஸ்.
பெரிய சத்தமில்லை, ஆனால் நிற்கவில்லை.
ஏழு வரை எண்ணினேன்.
கந்தகமும் பழைய பூண்டும் கலந்த வாடை
மழையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

முஸ்தகீம் எனக்குப் புரிய வேண்டுமென்று
தன் மூக்கைப் பிடித்துக் கன்னத்தை உப்பிக் காட்டினான்.
ஓட ஓடச் சூடு; சூட்டில் காற்று பெருக்கும்;
மேலே வழியில்லாவிட்டால்
சீலைப் பிதுக்கிக்கொண்டு, எண்ணெயையும் கூட்டிக்கொண்டு
லைனர் வரைக்கும் போகும்.
நல்லசிவன் சிரித்தான்.

உடைந்த துண்டு ஹவுசிங்குக்குள் பல்லைக் கடித்து நின்றது.
பழைய அரத்தின் வாலை அதில் அடித்து இறக்கி
ஸ்பேனர் போட்டு, இடப்பக்கமாக,
மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான்.
தூள் உள்ளே விழக் கூடாதென்று
டாப்பில் கிரீஸ் அப்பிக்கொண்டு மரை சீவினான்.
அவசரப்படவில்லை. அவசரம் எனக்கு.

போன ஆடியில், சயன் பாலத்தடியில், இடுப்பளவு வெள்ளம்.
கல் அடித்து மூடி தெறித்துப் போயிருந்தது.
தண்ணீர் உள்ளே போனால் பல்சக்கரம் போச்சு என்று
எம்-சீலைப் பிசைந்து அப்பினேன்.
அன்று ராத்திரி என்னை நானே மெச்சிக்கொண்டு
ரெண்டு முட்டை தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பெயர்த்த கட்டியை முஸ்தகீம் துணியில் துடைத்தான்.
அதில் ஒரு கட்டைவிரல் ரேகை,
பத்திரத்தில் வைத்த மாதிரி.
வெகுநேரம் அதைப் பார்த்தான்.
என் கையைப் பார்க்கவில்லை.

புது பிரீதர், சுண்டுவிரல் நுனி அளவு.
அதிலிருந்து ஒரு ஹோஸ், சேஸிஸ் ஓரமாக மேலே ஏறி,
முனை மட்டும் குடைப்பிடி போல வளைந்து கீழே பார்த்தது.
இவ்வளவுதான். உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தால்
தண்ணீரும் வராது, காற்றும் போகும்.
எனக்கு அன்றைக்கு அடைக்கத்தான் தோன்றியது.

பிறகுதான் வீலைக் கழற்றினான்.

செலவு நோட்டு:
பிரீதர் நாற்பது.
ஹோஸ், கிளிப் நூற்று இருபது.
லைனர், சீல், ஆயில் தனி பில்.
கூலி எழுநூறு. டீ மூணு.
காரணம் என்ற கட்டத்தில்
"அடைஞ்சது" என்று எழுதினேன்.

மழை கொஞ்சம் விட்டது. நல்லசிவன் கண்ணாடி துடைத்தான்.
ஞ் மேல் ஒரு கோடு போட்டு
தலைமாட்டில் ச் எழுதினேன்.
ஒரே எழுத்து. பக்கம் அசிங்கமாகிவிட்டது.

போட்டோ பிடித்து அனுப்பினேன்.
ரெண்டு டிக். இன்னும் நீலமாகவில்லை.
"எடுக்கலாமாண்ணா?" என்றான் நல்லசிவன்.