பெயரெச்சம்

லியெபாயாவில் காற்று நின்றால்
எங்கோ பழுது என்று நினைப்பார்கள்.
அந்த ஊரில் படகுப்பாய் தைக்கும் ஒரு பட்டறை,
பதினொரு கணினி, ஒரு வெட்டுமேசை.

மோட்ரிஸ் போன மறுவாரமே
வாசல் பலகைக்கு வெள்ளை அடித்துவிட்டாள் இல்கா.
ஒரு மதியத்தில் முடிந்த வேலை.
உள்ளே, கேபிள்களுக்குள், பெயர் அப்படியே கிடந்தது:
மோட்ரிஸ்-உன்-இல்கா.
அவர்கள் மொழியில் 'உன்' என்றால்
வெறும் 'உம்'. வேறொன்றுமில்லை.

நான்கு வருடம்
காலை ஏழு பத்துக்குக் கண்விழித்ததும்
பதினொன்றும் அந்தப் பெயரைத்தான் விசாரித்தன.
பெயர்க்காரன் வென்ட்ஸ்பில்ஸில்
போட்டிக்கடை போட்டிருந்தான்.

பிப்ரவரியில் சர்வர் செத்தது.
நனைந்த தொப்பியோடு வந்தான் ரைட்டிஸ்.
புதுப் பெட்டியைப் பிரிக்குமுன் கேட்டான்:
"வீட்டுப் பெயர் என்ன வைக்கலாம்?
யோசித்துச் சொல்லுங்கள்.
பிள்ளைக்கு வைத்ததைக்கூட மாற்றிவிடலாம்,
இதற்கு வைத்தால் வைத்ததுதான்."

கணக்கு பார்க்கும் ஸ்கைத்ரீதே நாயின் பெயரைச் சொன்னாள்.
நாய்க்குப் பதினான்கு வயது. யாரும் பேசவில்லை.
'லோக்கல்' என்று முடியட்டுமே என்றான்
வெட்டுமேசை ஐவார்ஸ்.
"அந்த வாலை உங்கள் பிரின்டர் ஏற்கெனவே பிடித்திருக்கிறது.
இரண்டும் அடித்துக்கொள்ளும்,
விலக்கிவிட நான்தான் வரவேண்டும்."

இல்காவுக்கு அழகாக ஒன்று தோன்றியது,
புள்ளி காம் சேர்த்து.
அதற்கு அரிசோனாவில் ஒரு சொந்தக்காரன்,
பல் மருத்துவன்.
"உங்கள் மடிக்கணினி ஒருநாள்
ஏதாவது விமான நிலையத்தில் உட்கார்ந்து
வீடு என்று நினைத்து அந்தப் பெயரைக் கூப்பிடும்.
அவன் 'என்ன?' என்பான்."

"பில்லில் அச்சடிக்கிறீர்களே, அந்த முகவரி
காசு கட்டி வைத்திருக்கும் உங்கள் சொந்தம்.
அதன் முன்னால் ஒரு சின்னச் சொல் போதும்.
எழுத்துகள் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு வரவேண்டும்."

வெறுந்தலைச் சொல்லாகத் தேடினார்கள்.
கடலுக்குத் தொப்பி இருந்தது.
காற்றுக்கு இரண்டு.
பாய்க்கு இல்லை, ஆனால் அது இப்போது
மோட்ரிஸின் பலகையில்.
இல்கா தன் விரல் இடுக்கில் இருந்ததைப் பார்த்தாள்:
அதத்தா. ஊசி.
ஐந்தே எழுத்து.

ஞாயிறு முழுக்க
ஒவ்வொன்றாகத் தோள்தொட்டுத் திருப்பினான் ரைட்டிஸ்.
வெட்டுமேசையின் மூளை மட்டும் திரும்பவில்லை;
அதைச் செய்த கம்பெனி மூடியாகிவிட்டது,
கடவுச்சொல் மோட்ரிஸோடு போயிற்று.
விழித்ததும் பழைய பெயரைக் கேட்டது,
காத்திருந்தது,
மறுபடி கேட்டது, மறுபடியும்.
பதினைந்து நொடி கழித்துத்
தானாகவே வெட்டத் தொடங்கியது.

"யாரும் பதில் சொல்லாததால் நிற்கிறது.
'அப்படி ஒருவர் இல்லை' என்று
சர்வரைச் சொல்லவைத்தால்
உடனே நகர்ந்துவிடும்."
"பதினைந்து நொடிதானே," என்றாள் இல்கா,
நூலைப் பல்லால் கடித்தபடி. "இருக்கட்டும்."

ஏப்ரலில், படகுகள் வரிசைகட்டிய வாரம்,
தொலைபேசியில் அழைத்தாள்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"இல்லை என்றே சொல்லச் சொல்."

மறுநாள் ஏழு பத்து.
கேட்டது. இல்லை என்றது. கத்தி இறங்கியது.
ஐவார்ஸ் இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
அந்தப் பதினைந்து நொடியில்தான்
தினமும் துடைப்பானாம்;
சொல்லாமல் எடுத்துவிட்டீர்களே என்று
மதியம்வரை முணுமுணுத்தான்.