எச்சம்

பவானிசாகரில் ஏறிய பஸ் ஆற்றோடு நின்றுவிடும்.
மாயாற்றுக்குப் பரிசல்.
பரிசலுக்கு அந்தப் பக்கம் மருதியக்கா.

"எத்தன கூடுங்க உங்க காயிதத்துல?"
"ஒம்பது."
"இல்லீங். பதனொண்ணு."

தொலைநோக்கியை நீட்டினேன், வாங்கவில்லை.
அண்ணாந்து பார்க்கவும் இல்லை.
நீர்மருதின் கீழ்க்கிளையைப் பார்த்தாள்.
சுண்ணாம்பு தெளித்த மாதிரி இலைகள்.
உதிர்கிற வெள்ளை போன மாசத்தது,
ஒழுகுகிற வெள்ளை விடியக்காலத்தது,
மேலே குஞ்சு இருக்கிறது, தின்கிறது.

ஏழாம் வகுப்பில், புளியம்பட்டியில்,
எச்சம் என்பது முற்றுப்பெறாத சொல்
என்று மட்டும் எழுதி
அரை மார்க் வாங்கியவன் நான்.

மத்தியானம் பட்டியோரம் ஒரு மாடு செத்துக் கிடந்தது.
அவள் கேட்பதற்கு முன்பே
மாட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.
"ஊசி போட்டதுங்களா?"
"வலி தாங்காம கத்துச்சு.
கடையில என்னமோ குடுத்தாங்க."
அக்கா மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.
நாலு பேர், பொழுது சாயும்வரை குழி.
வட்டமடித்து வட்டமடித்துப்
பாறுகள் பட்டினியோடு கலைந்தன.
"ஏசட்டும்," என்றாள் அவற்றைப் பார்த்து.
"உசுரோட இருந்து ஏசட்டும்."

பத்தாவது மரத்தைக் குறித்துக்கொண்டேன்.
பதினோராவதில் ஜிபிஎஸ்ஸை எடுத்தபோது
கையால் மறைத்தாள்.

போன வருசம் ஒரு மரம் காட்டியிருந்தாள்.
அடுத்த மாசமே ஜீப், குடை மாதிரி லென்சு, மூன்று நாள்.
தாய் இறங்கவில்லை.
குஞ்சைப் பொறுக்கிப் புதைத்தது அவள்.
"அத எழுதுனது நீங்கதானுங்?"
இல்லை என்று வாய்வரை வந்தது.
என் கையெழுத்துதான்.

சத்தியமங்கலத்தில் கூட்டம்.
வரைபடத்தில் பத்துப் புள்ளி,
அட்டவணையில் பதினொன்று.
அதிகாரி இரண்டு தடவை எண்ணினார்.
"ஒண்ணு எங்க?"

ஏசியில் ஆறிப்போன டீயை
அக்கா முழுசாகக் குடித்து முடித்தாள்.
"இருக்குதுங்க."
"எங்கம்மா இருக்குது?"
"நல்லா இருக்குதுங்க."

பேனா என்னிடம் வந்தது.
குறிப்பு என்ற கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
எழுதினேன்:
மருதி பார்த்து, மருதி சொல்லி,
நான் குறிக்காமல்