நாற்பத்தொரு நொடி

ஜூனில் பச்சைப் பிளம்ஸ் வந்து இறங்கியது, பதினெட்டுக் கூடை.
கீறி, சர்க்கரையில் புதைத்து,
நுண்ணுயிரை ஊற்றி மூடினோம்.
மூன்றாம் நாள் அது பேச ஆரம்பித்தது,
மூடிக்குள் முணுமுணுப்பு.
முனைவர் பியோன் அதற்கு ஓர் எண் கொடுத்தார்.
நான் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன்.
விதிப்படி கூடாது.
காதுவரை கூசியது.

சுண்டெலிகளுக்கு இரண்டு வயது.
மனிதக் கணக்கில் எழுபதாம்;
யார் போய்க் கேட்டார்களோ.
முதுகில் மயிர் கொட்டி, கெண்டைக்கால் வற்றி,
கூண்டின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும்.
குடல்சுவர் நைந்த கோணி மாதிரி என்றார் பியோன்.
உள்ளே நிற்க வேண்டியதெல்லாம்
இரத்தத்தில் கசிகிறது,
தசை அதைக் கேட்டே கரைகிறது.
குடலுக்கும் காலுக்கும் இப்படியொரு பேச்சுவார்த்தை
இருப்பது
அறுபத்தொரு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

வாரம் ஒருமுறை சோதனை.
கம்பிவலையில் ஏற்றி, தலைகீழாய்த் திருப்பி,
விழும்வரை எண்ண வேண்டும்.
கீழே பஞ்சு.
தண்ணீர் குடித்தவை: பன்னிரண்டு, பதினான்கு, எட்டு.
புளித்த பழம் குடித்தவை: இருபத்தாறு, முப்பத்தொன்று,
ஒன்று மட்டும் ஒன்பது
(அதற்கு என்ன கோபமோ).
பதினேழாம் எண் நாற்பத்தொன்று.
உடும்புப் பிடி.
ஹே-ரிம் கை தட்டிவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள்.

பன்னிரண்டாம் வாரம் தராசு.
தசை தேறியதா என்று தெரிய
தசை மட்டும்தான் வேண்டும்,
அதைச் சுமந்தது வேண்டாம்.
இது முதல் நாளே தாளில் இருந்தது.
நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

பதினேழை எடுத்தபோது
கையுறையோடு என் விரலைப் பற்றியது.
பழக்கதோஷம், எண்ணத் தொடங்கிவிட்டேன்.
அறுபதைத் தாண்டியது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மாலை.
மிச்சச் சாறு ஒரு புட்டியில், என் பையில்.
சியோம்ஜின் ஆற்றுப் பாலத்தில் பேருந்து குலுங்க
மூடி லேசாய்ச் சீறியது.
ஒரு பையன் எழுந்து இடம் தந்தான்.
வேண்டாம் என்றேன்.
மேலே கம்பி இருந்தது.