பெருக்கல் குறி

பிறையிலிருந்து கிளம்பி
பாலத்தின் நட்டநடுவில் மழை பிடித்துக்கொண்டது.
அங்கே எங்கே ஒதுங்க.
வேலைச் சட்டைக்குள்ளே நீலமும் மஞ்சளும்
பதினெட்டு மாதப் பாச்சை உருண்டை வாசத்தோடு
நனைந்தன.

டத்தோ கிராமாட் சாலையில்
கச்சான் பூத்தே வண்டி நிற்கும் இடத்தில்
ஒரு மேசை, ஒரு வெப்பமானி, ஒரு பையன்.
நெற்றியைக் காட்டினேன். முப்பத்தாறு புள்ளி இரண்டு.
கைப்பேசியைக் காட்டினேன். மைசெஜாத்ரா
சுற்றிச் சுற்றி யோசித்தது.
இரண்டு ஊசி, பதினான்கு நாள், எல்லாம் சரி.
போங்க அங்கிள், கத்தக் கூடாது என்றான்.

வீட்டில் பார்த்த ஆட்டங்களைச் சொல்லவா?
காலித் திடலில் பயிற்றுநர் திட்டுவதெல்லாம்
எங்கள் கூடத்தில் கேட்டது.
பந்து கம்பத்தில் பட்டால்
அடுப்படியில் பாத்திரம் விழுந்த மாதிரி.
பிறகு ஏதோ ஒரு கூட்டத்தின் இரைச்சலை
மேலே பூசிவிட்டார்கள்.
கோல் இல்லை என்று நடுவர் சொன்ன பின்னும்
அது பாட்டுக்கு ஆரவாரித்தது.
"அப்பா, டீச்சருக்குக் கேக்குது" என்பாள் யாழரசி,
பக்கத்து அறையில் டியூஷன் திரைக்கு முன்னால்.
நாங்கள் ஜெயித்த இரவில்
தலையணையைக் கடித்துக்கொண்டு குதித்தேன்.

ஒன்பதாம் வரிசை, முப்பத்தொன்று.
பக்கத்து இருக்கையில் சிவப்பு நாடாவில் ஒரு பெருக்கல் குறி,
அடுத்து ஓர் ஆள், மறுபடி பெருக்கல் குறி.
பெருக்கப் பெருக்கப் பாதியாகிற கணக்கு.

முப்பத்திரண்டு அவருடைய இடம்.
பதினோரு ஆண்டுகளாக.
பெயர் தெரியாது, கேட்டதில்லை.
ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்
கடலைப் பொட்டலத்தை என் பக்கம் சாய்ப்பார்.
எனக்கு அவர் ஓர் இடது காது, அவ்வளவுதான்.
ஒருமுறை கூடுதல் நேரத்தில்
என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்,
அவர் கண்ணீரும் மூக்குநீரும் என் கன்னத்தில்.
துடைக்கக்கூடத் தோன்றவில்லை அன்று.
முடிந்ததும் "ஓக்கே லா" என்று படியிறங்கிவிடுவார்.

மாலைதோறும் தொலைக்காட்சியில் எண்ணிக்கை வாசித்தார்கள்.
பெயர் தெரிந்தவர்களுக்குத் தொலைபேசினேன்.
இவரை
எந்த எண்ணுக்குள் போய்த் தேட?

முதல் பாதியில் கிழக்குக் கரைக்காரன் ஒன்று போட்டான்.
இரண்டாயிரம் பேர் முகக்கவசத்துக்குள்
ஒரே நேரத்தில் கெட்ட வார்த்தை சொன்னால்
ஈரத் துணி உதறுவதுபோல் கேட்கிறது.
ஒற்றை முரசு மட்டும்
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எழுபத்தோராவது நிமிடம்.
எல்லைக்கோட்டுக்காரர் கொடியைத் தூக்க,
எனக்குப் பின்னால், நான்கு வரிசை மேலே,
ஹொக்கியென் மொழியில் ஒரு வசவு.
தாயில் தொடங்கி,
மூக்குக் கண்ணாடிக் கடை வழியாகப் போய்
நாயில் முடிவது.
அந்த வழியாக வேறு யாரும் போவதில்லை.

திரும்பினேன்.
கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் திரை, மழைக்கோட்டு.
நேர் முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்,
அதிலும் பாதி.
அடையாளம் பார்க்கக் காதைத் தேடினேன்.
அவரோ சட்டைப்பையில் கைவிட்டு
எதையோ எடுத்து, உள்ளங்கையில் ஏந்தி,
அத்தனை தூரத்திலிருந்து
என் பக்கம் சாய்த்தார்.
கடலை.
காவலாளி பார்க்குமுன் மூடிக்கொண்டார்.

அப்போதுதான்
திடல் பிளந்தது.
கத்தக் கூடாது என்ற பையன்கூட
வாசலில் கத்தியிருப்பான்.
ஒன்றுக்கு ஒன்று.
பதினெட்டு மாதம் காத்திருந்து வந்தவன்
கோலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன்.
யார் போட்டது என்று கேட்கப்
பக்கத்தில் பெருக்கல் குறிதான் இருந்தது.

வரிசை வரிசையாகத்தான் வெளியே விட்டார்கள்.
அவருடையது முந்திவிட்டது.
இந்தத் தடவையும் பெயர் கேட்கவில்லை.

வீட்டில் ஈரச் சட்டையைக் கழற்றும்போது
"கோல் எப்படிப்பா?" என்றாள் யாழரசி.
"காதுல கேட்டேன்.
நல்லா இருந்துச்சு."